குலசேகரத்து மேட்டுக்கு எந்த டீசல் எஞ்சின்?

குலசேகரம் பக்கத்திலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார். ரப்பர் ஷீட்டையும் ஏத்தன் வாழைக்குலையையும் மார்த்தாண்டத்துக்கும் நாகர்கோவில் அப்டா மார்க்கெட்டுக்கும் கொண்டுபோக ஒரு டீசல் பிக்கப் வேண்டும். இடையிடையே குளச்சலிலிருந்து மீன் லோடும் கிடைக்கும். சவூதியிலிருந்து திரும்பிய அத்தான் டொயோட்டாவின் ஹைலக்ஸ் தவிர எதையும் தொடாதே என்கிறார். இணையத்தில் தேடினால் கம்மின்ஸ், பவர்ஸ்ட்ரோக், டூராமேக்ஸ் என்று அமெரிக்க டீசல் எஞ்சின் பெயர்களாக வருகிறது. ஊர் மெக்கானிக்கோ பழைய டாடா 207-ஐ விட்டால் வேறு வண்டியே கிடையாது என்கிறார். யார் பேச்சைக் கேட்பது?

மூவரும் பொய் சொல்லவில்லை. ஆனால் உங்கள் சுமையோடு உங்கள் வழியில் ஓட்டிப் பார்த்து எவரும் சொல்லவில்லை. என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். புதிதாக வாங்கினால் மகிந்திரா பொலேரோ பிக்கப்பின் 2.5 லிட்டர் எஞ்சின். பழையது என்றால் அதே எஞ்சின் உள்ள பிஎஸ்4 காலத்து வண்டி (2020 ஏப்ரலுக்கு முன்பிருந்த புகை விதிப்படி செய்தது), அல்லது 3 லிட்டர் எஞ்சின் உள்ள டாடா. மீன் லோடை மட்டும் தனியாக யோசிக்க வேண்டும்.

இணையத்துப் பட்டியலில் இருந்து தொடங்குகிறேன், ஏனென்றால் அதில் கற்றுக்கொள்ள நிறைய இருக்கிறது. அமெரிக்காவில் பிக்கப் என்றால் நம் ஊர் மினி லாரியை விடப் பெரியது. எஞ்சின் ஆறு, ஏழு லிட்டர் இருக்கும். அங்கே இன்றும் மரியாதையோடு பேசப்படுவது 1989-இல் டாட்ஜ் வண்டியில் வந்த கம்மின்ஸ் 5.9 லிட்டர். நமக்கும் அது அந்நியமில்லை. அதே பி வரிசை எஞ்சின்களைத்தான் ஜாம்ஷெட்பூரில் டாடா கம்மின்ஸ் தயாரித்து டாடா லாரிகளுக்குக் கொடுத்தது. அது ஏன் அவ்வளவு உழைத்தது? ஆறு சிலிண்டரும் ஒரே வரிசையில், வால்வு நேரத்தை ஓட்டுவதற்குப் பெல்ட்டும் செயினும் இல்லாமல் நேராகப் பல்சக்கரம், டீசலுக்கு மெக்கானிக்கல் பம்பு. எல்லாவற்றுக்கும் மேலாக, 5.9 லிட்டரில் இருந்து ஆரம்பத்தில் எடுத்தது 160 குதிரைசக்திதான். லிட்டருக்கு 27. அதற்கும் குறை உண்டு. டைமிங் கியர் பெட்டியில் இருக்கும் ஒரு சின்ன இரும்பு முளை தளர்ந்து பல்சக்கரங்களுக்குள் விழுந்தால் மொத்த எஞ்சினும் போய்விடும். அதனால் அந்த வண்டியை வாங்குகிறவர்கள் முதலில் அந்த முளை பூட்டப்பட்டிருக்கிறதா என்று பார்ப்பார்கள்.

எதிர்ப்பக்கம் ஃபோர்டின் 6 லிட்டர் பவர்ஸ்ட்ரோக். 2003 முதல் 2007 வரை வந்தது. ஆயில் கூலர் அடைத்து, அதனால் புகைமறுசுழற்சிக் கூலர் (எஞ்சினுக்குள் திரும்ப அனுப்பும் புகையைக் குளிர்விப்பது) வெந்து, கடைசியில் ஹெட் கேஸ்கெட் போய்விடும் என்று அந்த நாட்டில் பெயர் கெட்டுப்போன எஞ்சின். அதற்கு முன்பு வந்த 7.3 லிட்டருக்கோ அசையாத நற்பெயர். இரண்டையும் செய்து கொடுத்தது ஒரே நிறுவனம், இன்டர்நேஷனல். ஜெனரல் மோட்டார்சும் இசுசுவும் சேர்ந்து செய்த டூராமேக்ஸ் 2001-இல் வந்தபோது எஞ்சின் உடம்பு நன்றாக இருந்தது; டீசலைத் தெளிக்கும் இன்ஜெக்டர்கள்தான் வரிசையாகப் போயின, நிறுவனம் இன்ஜெக்டருக்கு மட்டும் உத்தரவாதத்தை நீட்டித்தது. ஆக, பெயர்ப்பலகையைப் பார்த்து எதையும் முடிவு செய்ய முடியாது. ஒரே வீட்டில் பிறந்த அண்ணன் உழைப்பான், தம்பி படுத்துவிடுவான். எந்த ஆண்டு, எந்த எஞ்சின், அதன் எந்தப் பாகம் என்று மூன்றையும் கேட்க வேண்டும்.

அந்தக் கதைகளிலிருந்து நான் எடுத்துக்கொள்ளும் அளவுகோல் லிட்டருக்கு எத்தனை குதிரைசக்தி என்பதுதான். முழுமையான அளவுகோல் அல்ல. ஆனால் ஷோரூமில் விளம்பரத் தாளைப் பார்த்தே நீங்கள் போடக்கூடிய கணக்கு. பிஸ்டன், ஹெட், டர்போ ஆகியவற்றின் மேல் ஏறும் வெப்பமும் அழுத்தமும் அதில் ஓரளவு தெரிந்துவிடும்.

பொலேரோ பிக்கப்பின் எஞ்சின் 2,523 சிசி, ஏறத்தாழ 75 குதிரைசக்தி. லிட்டருக்கு 30. பழைய டாடா 207-இலும் அதற்குப் பின் வந்த டாடா யோதாவில் தொடக்கத்திலும் இருந்தது 2,956 சிசி; யோதாவில் 85 குதிரைசக்தி, லிட்டருக்கு 29. இசுசு டி-மேக்ஸ் சரக்கு வண்டி 2,499 சிசிக்கு 78, அதாவது 31. இந்த மூன்றும் ஒரு குடும்பம் என்று வைத்துக்கொள்ளுங்கள். அடுத்த குடும்பத்தில் இப்போதைய யோதாவின் 2.2 லிட்டர், 100 குதிரைசக்தி. அசோக் லேலண்ட் தோஸ்த், 1,478 சிசிக்கு ஏறத்தாழ 70. டாடா இன்ட்ரா வி30, 1,496 சிசிக்கு அதே 70. இவை லிட்டருக்கு 46, 47 என்று நிற்கின்றன. ஹைலக்சின் 2.8 லிட்டர் 204 குதிரைசக்தி, லிட்டருக்கு 70-ஐத் தாண்டிவிடுகிறது. இசுசு வி-கிராஸின் 1.9 லிட்டர் 163. அது 85-ஐத் தொடுகிறது.

இதில் ஹைலக்ஸ் மோசம் என்று பொருள் இல்லை. நல்ல உலோகம், நல்ல குளிர்விப்பு, துல்லியமான டீசல் தெளிப்பு எல்லாம் இருந்தால் அந்த அழுத்தத்தையும் தாங்கும். ஆனால் அந்த எஞ்சின் பிழைத்திருக்க எல்லாமே சரியாக இருக்க வேண்டும். முப்பதில் ஓடும் எஞ்சின் நாலு தவறுகளை மன்னிக்கும். நம் ஊரில் தவறு எப்படியும் நடக்கும்.

அத்தானிடம் ஒன்று கேட்டுப் பாருங்கள்: அங்கே அவர் ஓட்டிய ஹைலக்ஸ் டீசலா, பெட்ரோலா? வளைகுடா நாடுகளில் கம்பெனி வேலைக்கு ஓடும் ஒற்றைக் கேபின் ஹைலக்ஸ்களில் 2.7 லிட்டர் பெட்ரோல் மிகச் சாதாரணம். அந்த வண்டியின் நற்பெயரை இந்தியாவில் 2022-இல் விற்பனைக்கு வந்த 2.8 டீசலின் கணக்கில் எழுத முடியாது. இங்கே வருவது நாலு கதவு, நாலு சக்கர ஓட்டம், சொகுசு இருக்கை. 30 லட்சத்தை ஒட்டிய விலையில் வாங்கி அதில் ஏத்தன் குலை ஏற்ற எனக்கு மனம் வராது. ஏற்றினாலும் சின்னத் தொட்டிதான்.

இனி ஒவ்வொன்றாக. பொலேரோ பிக்கப் எஞ்சினைப் பற்றிச் சொல்ல எனக்கு ஆசை அதிகம். சிலிண்டர் துளை 88.9 மில்லிமீட்டர், பிஸ்டன் ஓட்டம் 101.6 மில்லிமீட்டர். அங்குலத்தில் சரியாக மூன்றரையும் நாலும். மில்லிமீட்டரில் எஞ்சின் வரைகிற எவரும் இப்படி ஓர் எண்ணை வைக்கமாட்டார். 1963-இல் மகிந்திரா டிராக்டர் செய்யத் தொடங்கியது இன்டர்நேஷனல் ஹார்வெஸ்டரோடு சேர்ந்து. அந்தக் கம்பெனியின் 154 கன அங்குல டிராக்டர் எஞ்சினின் அளவு இது. மேலே சொன்ன பவர்ஸ்ட்ரோக்கைச் செய்ததும் அந்த வழிவந்த நிறுவனமே. நீளமான பிஸ்டன் ஓட்டம் இருப்பதால் குறைந்த சுற்றிலேயே, 1,400 என்ற அளவிலேயே, ஏறத்தாழ 200 நியூட்டன் மீட்டர் இழுவை வந்துவிடுகிறது. எஸ்டேட் மேட்டில் சேறும் சரளையுமாக இருக்கும் வழியில் கிளட்சை அரைக்காமல் ஏற வேண்டுமானால் இதுதான் வேண்டும். வேகமாகப் போக இந்த எஞ்சினுக்குப் பிடிக்காது. சத்தமும் அதிர்வும் உண்டு. ஆனால் அருமனை முதல் ஆரல்வாய்மொழி வரை எந்தச் சந்திப்பில் நின்றாலும் இதைப் பிரித்து மாட்டத் தெரிந்த ஆள் இருப்பார்.

டாடாவின் 2,956 சிசி எஞ்சினுக்கு 497 என்று பெயர். நாலு சிலிண்டர், 97 மில்லிமீட்டர் துளை, பெயரே அளவு. மெக்கானிக்கல் பம்பு வைத்து வந்த பழைய 207 வண்டிகளில் இது கெட்டுப்போகாது என்று சொல்வதைவிட, கெட்டாலும் சாலையோரத்தில் சரிசெய்து கிளம்பிவிடலாம் என்று சொல்வதே சரி. உங்கள் மெக்கானிக்குக்கு அதன்மேல் பாசம் வரக் காரணமும் அதுதான்: ஸ்பேனரும் காதும் இருந்தால் போதும், ஸ்கேனர் வேண்டாம். ஆனால் பழைய 207-இன் இன்றைய பிரச்சினை எஞ்சினில் இல்லை. சேஸிஸ் துரு, தொட்டியின் அடிப்பலகை, ஸ்டீயரிங் மூட்டுகள், ஒவ்வொரு எஃப்.சி.க்கும் ஆகும் செலவு. எஞ்சினுக்காக வாங்கி உடம்புக்காகச் செலவழிப்பீர்கள். இப்போதைய யோதாவின் 2.2 லிட்டர் வேறு வம்சம். 2007-இல் சஃபாரியில் வந்த டைகார் எஞ்சினின் தொடர்ச்சி. இழுவை 250 நியூட்டன் மீட்டர். கல், செங்கல் ஏற்றுகிறவர்களுக்கு அது தோதாக இருக்கும். செண்பகராமன்புதூர்ப் பக்கம் சூளையிலிருந்து லோடு எடுப்பவராக நீங்கள் இருந்திருந்தால் என் பதில் மாறியிருக்கும்.

தோஸ்த் 2011-இல் வந்தது. மூன்று சிலிண்டர், ஓசூரில் செய்வது. சமநிலத்தில், ஒன்றேகால் டன் வரை ஏற்றி, நாகர்கோவில் ஊருக்குள் கடைகடையாக இறக்குகிறவருக்கு நல்ல வண்டி, டீசலும் மிச்சமாகும். இன்ட்ராவும் அப்படித்தான். இரண்டு டன் ஏற்றி மேடேறச் சொன்னால் சின்ன எஞ்சின் எந்நேரமும் முழு மூச்சில் இருக்கும், புகைப்போக்கி வெப்பம் ஏறும், டர்போவும் ஹெட்டும் விலை கொடுக்கும். குற்றம் எஞ்சினுடையது இல்லை, ஏற்றியவருடையது. இசுசு டி-மேக்ஸ் எனக்குப் பிடித்த எஞ்சின். ஆந்திராவின் ஸ்ரீசிட்டியில் செய்கிறார்கள், அடக்கமான, அவசரப்படாத எஞ்சின். ஆனால் நம் பக்கத்தில் அதைக் கழற்றிப் பழகிய கைகள் குறைவு. வாழைக்குலையோடு நடுவழியில் நிற்கும்போது அது பெரிய விஷயம்.

இதுவரை சொன்னது இரும்பைப் பற்றி. 2020 ஏப்ரல் 1-க்குப் பின் வந்த பிஎஸ்6 வண்டிகளில் இரும்பு கெட்டு நிற்பதைவிடப் புகையைச் சுத்தம் செய்யும் ஏற்பாடு அடைத்து நிற்பதுதான் அதிகம். இதில் எந்தக் கம்பெனியும் விதிவிலக்கு இல்லை. புகைப்போக்கியில் ஒரு கரி வடிகட்டி இருக்கிறது. அதில் சேரும் கரியை அவ்வப்போது 600 டிகிரி அளவுக்குச் சூடாக்கி எரித்துவிட வேண்டும். எரிவதற்கு வண்டி நிற்காமல் ஒரே சீராகக் கொஞ்ச நேரம் ஓடியாக வேண்டும். நம் மாவட்டத்தில் அப்படி எங்கே ஓட்டுவது? குலசேகரத்தில் ஏற்றி, திருவட்டாறில் ஒரு நிறுத்தம், மார்த்தாண்டத்தில் நெரிசல், குழித்துறையில் இன்னொரு நிறுத்தம், ஏற்றி இறக்கும்போது எஞ்சினை அணைக்காமல் அரைமணி நேரம். கரி சேர்ந்துகொண்டே போகும், எரிய வாய்ப்பே கிடைக்காது. விளக்கு எரியும், பிறகு எஞ்சின் தானே சக்தியைக் குறைத்துக்கொள்ளும், மேட்டில் நின்றுவிடும்.

நற்பெயர் பெற்ற டொயோட்டாவுக்கே இது நடந்திருக்கிறது. 2015 அக்டோபர் முதல் 2020 ஏப்ரல் வரை ஆஸ்திரேலியாவில் விற்ற ஹைலக்ஸ், ஃபார்ச்சூனர், பிராடோ டீசல் வண்டிகள் இரண்டரை லட்சத்துக்கும் மேல்; அவற்றின் கரி வடிகட்டி அமைப்பில் குறை இருந்தது என்று அந்நாட்டு ஃபெடரல் நீதிமன்றம் 2022-இல் தீர்ப்பளித்தது. எஞ்சின் உடம்பில் பழுதில்லை. வண்டி மட்டும் பட்டறையில்.

எனவே பிஎஸ்6 வாங்கினால் இரண்டு பழக்கங்கள் வேண்டும். விளக்கு எரியும்வரை காத்திராமல், வாரத்துக்கு ஒருமுறையாவது லோடோடு ஆரல்வாய்மொழி தாண்டிக் காவல்கிணறு சேர்ந்து நான்குவழிச் சாலையில் சீராக ஓட்டிவிட்டு வாருங்கள். எரியத் தொடங்கியதும் இடையில் அணைக்காதீர்கள். இன்னொன்று, ஆயில். கரியை எரிப்பதற்காக எஞ்சின் கூடுதலாகத் தெளிக்கும் டீசலில் கொஞ்சம் சிலிண்டர் சுவர் வழியாக ஆயிலில் இறங்கும். அளவுக்கோலில் ஆயில் குறைவதற்குப் பதிலாக ஏறியிருந்தால் மகிழ வேண்டாம், அது டீசல். உடனே மாற்றுங்கள். மாற்றும்போது சாம்பல் குறைந்த, பிஎஸ்6-க்கு என்று எழுதிய ஆயிலையே ஊற்றுங்கள். கரி எரியும், ஆயிலின் சாம்பல் எரியாது, வடிகட்டியிலேயே தங்கிவிடும்.

வடிகட்டியை வெட்டி எடுத்துவிட்டு வெறும் குழாய் வைத்துத் தருகிறேன் என்று சிலர் சொல்வார்கள். சட்டவிரோதம் என்பது ஒருபுறம், எஃப்.சி.யில் மாட்டும், சென்சார் கணக்கு குழம்பி டீசலும் கூடுதலாகக் குடிக்கும்.

டீசல் பம்பு விஷயத்துக்கு வருகிறேன். பிஎஸ்4 வண்டியோ பிஎஸ்6 வண்டியோ, காமன் ரெயில் (எல்லா இன்ஜெக்டருக்கும் ஒரே அழுத்தக் குழாயிலிருந்து டீசல் போகும் ஏற்பாடு) வந்துவிட்டது என்றால் டீசல் ஆயிரம் பாருக்கு மேல் அழுத்தத்தில் பாய்கிறது. இன்ஜெக்டரின் உள்ளே இடைவெளி மைக்ரான் கணக்கில். அந்த இடத்தில் ஒரு சொட்டுத் தண்ணீர் போனாலும் துரு. வருடத்தில் இரண்டு மழைக்காலம், அதற்கு மேல் கடற்காற்று. பாதி காலியாக இருக்கும் டேங்கின் உள்ளே ஈரம் படிந்து தண்ணீராகிவிடும். இரவில் டேங்கை நிறைத்து நிறுத்துங்கள். ஃபில்டரின் அடியில் இருக்கும் திருகைத் தளர்த்தித் தண்ணீரை வடிக்க ஓட்டுநருக்குக் கற்றுக்கொடுங்கள். கேனில் யாராவது விலை குறைத்து டீசல் கொடுத்தால் வாங்காதீர்கள். மண்ணெண்ணெய் கலந்திருந்தால் வழுவழுப்பு போய்விடும். பம்புக்கு டீசல்தான் ஆயில். பழைய மெக்கானிக்கல் பம்பு இதையெல்லாம் ஓரளவு பொறுத்துக்கொண்டது. காமன் ரெயில் பொறுக்காது.

மீன் லோடுக்கு இப்போது வருவோம். ஐஸ் உருகி வடியும் தண்ணீர் உப்புத் தண்ணீர். தொட்டியிலிருந்து சேஸிஸில் இறங்கி, வயர் கனெக்டர்களில் புகுந்து, பச்சை பூத்துவிடும். இன்ஜெக்டர் கம்பி ஒன்று அப்படி அரித்தால் வண்டி மூன்று சிலிண்டரில் ஓடும். எஞ்சின் போய்விட்டது என்று சொல்லி உங்களிடம் பெரிய பில் நீட்டுவார்கள். குளச்சல், முட்டம், தேங்காய்ப்பட்டணம் பக்கம் தினமும் மீன் ஏற்றும் வண்டிகளில் எஞ்சினுக்கு முன்பே வயரிங், ஆல்டர்னேட்டர், ரேடியேட்டர் சிறகு என்று வரிசையாகப் போகும். அதனால் இடையிடையே கிடைக்கும் மீன் லோடுக்கு உங்கள் புது வண்டியை அனுப்ப வேண்டாம் என்பதே என் கருத்து. அந்த நாளுக்கு வாடகை வண்டி பேசுங்கள். அனுப்பியே தீரவேண்டும் என்றால் ஒழுகாத பெட்டி, வடிகுழாய், வந்ததும் அடிப்புறத்தை நல்ல தண்ணீரில் கழுவுதல், கனெக்டர்களில் கிரீஸ்.

வெள்ளத்தைப் பற்றியும் ஒரு சொல். 2021 நவம்பரில் இந்த மாவட்டம் பார்த்தது போல் தண்ணீர் சாலையில் ஏறி நிற்கும்போது, காற்று இழுக்கும் குழாயின் வாய் எந்த உயரத்தில் இருக்கிறது என்று தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள். உள்ளே தண்ணீர் போய் நின்ற எஞ்சினை மறுபடி சாவி போட்டுச் சுழற்றினால் கனெக்டிங் ராடு வளைந்துவிடும், தண்ணீர் அமுங்காது. எந்த எஞ்சினும் இதற்குத் தப்பாது. கட்டி இழுத்துக்கொண்டு போவதுதான் மலிவு.

பழைய வண்டி பார்க்கப் போகிறீர்கள் என்றால், நீங்கள் வருவதற்கு முன் எஞ்சினைச் சூடாக்கி வைக்க வேண்டாம் என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். காலையில் குளிர்ந்த எஞ்சினை நீங்களே ஸ்டார்ட் செய்யுங்கள். ஓடும்போது ஆயில் மூடியைத் திறந்தால் லேசான ஆவி வரலாம். புகைபோல் தள்ளிக்கொண்டு வந்தால் ரிங்கும் லைனரும் தேய்ந்திருக்கின்றன, பெரிய எஞ்சின் வேலை காத்திருக்கிறது. நீலப்புகை ஆயில் எரிவது. கறுப்புப்புகை டீசல் அதிகம் அல்லது காற்று குறைவு. அது சின்ன வேலையாகவும் இருக்கலாம். காமன் ரெயில் வண்டி என்றால் பம்பு கடையில் இன்ஜெக்டரின் திரும்பு டீசல் அளவைப் பார்க்கச் சொல்லுங்கள். நாலில் ஒன்று மட்டும் அதிகமாகத் திருப்பி அனுப்பினால் அந்த இன்ஜெக்டரின் விலையைக் கழித்துப் பேசலாம். பிஎஸ்6 என்றால் ஸ்கேனர் வைத்து வடிகட்டியில் எவ்வளவு கரி என்று பார்க்காமல் முன்பணம் கொடுக்காதீர்கள். ஓட்டிய கிலோமீட்டர் எண்ணை நான் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. எதை ஏற்றினார்கள் என்பதைத் தொட்டியின் அடிப்பலகையும் பின்பக்கப் பட்டைகளும் சொல்லிவிடும். கடைசியாக, ஓட்டிப் பார்த்து முடித்து, எஞ்சின் நன்றாக ஆறிய பிறகு ரேடியேட்டர் மூடியைத் திறந்து பாருங்கள். வெறும் கிணற்றுத் தண்ணீர் துருநிறத்தில் இருந்தால் விலையைக் குறைத்துக் கேளுங்கள். எண்ணெய் மிதந்தால் அங்கிருந்து கிளம்பிவிடுங்கள்.